வீராவில் பெரிய இன்ஜின் ஏற்றினால் பழைய கியர்பாக்ஸ் தாங்குமா?

செந்தூலில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே ஒரு தம்பி தன் 1.5 லிட்டர் புரோட்டான் வீரா காரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். "அண்ணே, ஹாஃப்கட் கடையில் ஜிஎஸ்ஆர் டர்போ இன்ஜின் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். இன்ஜினை மட்டும் மாத்திடுவோம். கியர்பாக்ஸ், ஷாஃப்ட் எல்லாம் பிறகு பார்த்துக்கலாமா?" என்றான். ஹாஃப்கட் என்றால் ஜப்பானில் ஓடிய பழைய காரை வெட்டிக் கொண்டுவரும் முன்பாதி. ஜிஎஸ்ஆர் என்பது மிட்சுபிஷி லான்சரின் டர்போ ரகம். அவனுக்குச் சொன்னதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். ஒரு கால்குலேட்டரும் கார் ஜாக்கும் ஸ்டாண்டும் இருந்தால் போதும்.

முதலில் கணக்கு

குதிரைத்திறனை மறந்துவிடுங்கள். பாகங்களை உடைப்பது முறுக்குவிசை, பட்டறையில் டார்க் என்பார்கள். வீராவின் 1.5 இன்ஜின் சுமார் 125 நியூட்டன் மீட்டர் தரும். டர்போ இல்லாத 1.8 இரட்டை கேம் இன்ஜின் ஏறக்குறைய 165. ஜிஎஸ்ஆர் டர்போ 270.

முதல் கியர் விகிதம் 3.5, ஃபைனல் டிரைவ் (கியர்பாக்ஸின் கடைசிப் பல்சக்கர விகிதம்) 4 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 14. இன்ஜின் தரும் டார்க் 14 மடங்காகித்தான் சக்கரத்துக்குப் போகிறது. 1.5-க்கு 1,750. 1.8-க்கு 2,310. டர்போவுக்கு 3,780. கியர்பாக்ஸிலிருந்து முன்சக்கரங்களுக்குப் போகும் இரண்டு டிரைவ் ஷாஃப்டும் இதைப் பாதிப் பாதியாகச் சுமக்கின்றன. உங்கள் காரின் சரியான விகிதங்களை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. ஜப்பானில் அந்த ஜிஎஸ்ஆர் நான்கு சக்கரமும் இழுக்கும் கார். அங்கே நான்கு சக்கரம் பங்கிட்டுக்கொண்ட 270-ஐ வீராவில் முன்சக்கரம் இரண்டும் சுமக்க வேண்டும்.

டயர்தான் ஃபியூஸ்

இதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. முன்சக்கரங்கள் மேல் 600 கிலோ எடை, 13 அங்குல டயர், காய்ந்த தார் என்று கணக்குப் போட்டால், சுமார் 1,500 நியூட்டன் மீட்டரைத் தாண்டும்போது டயர் வழுக்க ஆரம்பிக்கும். அதற்கு மேல் வருவது புகையாகப் போகும், ஷாஃப்டுக்கு ஏறாது. "சாதா டயரில் ஒன்றும் ஆகலையே, ஸ்போர்ட்ஸ் டயர் போட்ட மறுவாரம் ஷாஃப்ட் போயிடுச்சு" என்று பலர் புலம்புவது இதனால்தான். பிடிமானம் கூடினால் ஃபியூஸின் அளவும் கூடிவிடுகிறது.

ஆனால் மூன்றாம் கியரில் கதை வேறு. விகிதம் 1.3 என்றால் 270 × 1.3 × 4, அதாவது 1,400 சொச்சம். டயர் வழுக்காது. அத்தனையும் மூன்றாம் கியர் பற்கள் வழியாகவே போகும். பழைய இன்ஜினில் அதே பற்கள் பார்த்தது பாதிக்கும் குறைவு. சிக்னலில் தப்பித்த கியர்பாக்ஸ் கெந்திங் மலை ஏற்றத்தில் போவது இப்படித்தான்.

அடுத்து, கையால் சோதனை

பழைய பாகம் இப்போதே களைத்துப்போயிருந்தால் மேலே சொன்ன கணக்கெல்லாம் வீண்.

கிளட்ச்: காலி சாலையில் நான்காம் கியர், 50 கிலோமீட்டர் வேகம், ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் எகிறி, வேகம் ஏறாமல் இருந்தால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. இன்ஜினை மாற்றும்போது எப்படியும் பெரிய இன்ஜினுக்கான கிளட்ச்சைத்தான் போடப் போகிறீர்கள். ரேஸ் கிளட்ச் மட்டும் வேண்டாம். எம்ஆர்ஆர்2 நெடுஞ்சாலை நெரிசலில் ஒரு மணி நேரம் மிதித்துப் பாருங்கள், இடது முழங்கால் சொல்லும்.

சிவி ஜாயிண்ட் (ஷாஃப்ட் முனையில் வளைந்து சுழலும் மூட்டு): காலி பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். 'டக் டக் டக்' கேட்டால் ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது. ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருந்தாலும் அதே கதிதான்.

கியர்பாக்ஸ்: காரை ஸ்டாண்டில் நிறுத்தி கியர் ஆயிலை வடியுங்கள். வடிகால் போல்ட்டின் நுனியில் காந்தம் இருந்தால், அதில் ஒட்டியிருப்பதை விரலால் வழித்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை மாதிரி இருந்தால் கவலை இல்லை, அது இயல்பான தேய்மானம். நகத்துணுக்கு மாதிரி இரும்புச் செதில் வந்தால் உள்ளே பல் உதிர்கிறது. அந்தப் பாக்ஸில் பெரிய இன்ஜினைக் கட்டாதீர்கள்.

இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் வெடித்திருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆட்டோ கியர் என்றால் இந்த வேலையே வேண்டாம் என்பது என் கருத்து.

என் ஷாஃப்ட் உடைந்த கதை

நானும் ஒரு காலத்தில் 1.8 ஏற்றி, பழைய ஷாஃப்டையே விட்டு வைத்தவன்தான். ஜாலான் ஈப்போ சிக்னல், மழை விட்ட நேரம். பச்சை விழுந்ததும் கிளட்ச்சைச் சட்டென்று விட்டேன். ஈரமான வெள்ளைக் கோட்டின் மேல் சக்கரம் சுழன்றது, கோட்டைத் தாண்டித் தாரைப் பிடித்தது, 'டங்'. கியர் விழுகிறது, இன்ஜின் ஓடுகிறது, கார் நகரவில்லை. ஒரு பக்க ஷாஃப்ட் போனாலே டிஃபரன்ஷியல் (இரு சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் பாகம்) எல்லாவற்றையும் அந்தப் பக்கமே சுழற்றிவிடும், மறுசக்கரத்துக்கு ஒன்றும் வராது. சுழலும் சக்கரம் திடீரென்று பிடிக்கும் அந்த அடி, சாதாரணக் கணக்கில் வராத அளவுக்குப் பெரியது. உடைத்தது 165 நியூட்டன் மீட்டர் இல்லை, என் இடது கால்.

ஆக, எதை வாங்குவது?

1.8 டர்போ இல்லாத இன்ஜின், அதன் கியர்பாக்ஸ், ஷாஃப்ட், கிளட்ச் எல்லாம் ஒரே ஹாஃப்கட்டிலிருந்து. தனித்தனியாகப் பொறுக்கினால் ஷாஃப்ட் முனையிலுள்ள ஸ்ப்லைன் பற்களின் எண்ணிக்கை ஒத்துப்போகாமல் போகலாம். கடையில் ஷாஃப்டை வாங்குமுன் பற்களை எண்ணி, கியர்பாக்ஸ் பக்கத்தை மாட்டப் போகும் கியர்பாக்ஸோடும், ஹப் (சக்கரம்) பக்கத்தை உங்கள் காரோடும் ஒப்பிடுங்கள். பிரேக்கையும் சேர்த்து மாற்றுங்கள், அதில் பேரமே கிடையாது.

வேலைக்கு முன்பே ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி, பிறகு புஸ்பாகோம் வாகனச் சோதனை, இன்சூரன்ஸுக்கும் தகவல். சாலை வரி 1.5-க்கு 90 வெள்ளி, 1,834 சிசி 1.8-க்கு 300-ஐ ஒட்டி வரும்.

தம்பி முகத்தைச் சுளித்துக்கொண்டே டர்போவை விட்டான். 1.8 முழு செட்டுக்கு முன்பணம் கட்டியிருக்கிறான். மாட்டி ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் கியர் ஆயிலை வடித்து, அந்த போல்ட்டைத் துடைக்காமல் அப்படியே என்னிடம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.