பல் தேய்த்த கையோடு நாக்கையும் வழித்துவிடுங்கள்

காலையில் கண்ணாடி முன் நாக்கை நீட்டிப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்திருக்கும் மாவை ஆயுர்வேதத்தில் 'ஆமம்', அதாவது செரிக்காமல் தங்கியதன் அடையாளம் என்பார்கள். இன்றைய பல் மருத்துவர்களைக் கேட்டால் பாக்டீரியா, உதிர்ந்த செல்கள், உணவுத் துணுக்கு என்பார்கள். எப்படியானாலும் வாய் நாற்றத்துக்கு அதுவே பெரிய காரணம்.

நாக்கு வழிப்பான் தங்கம், வெள்ளி, செம்பு, வெள்ளீயம், பித்தளையில் இருக்கலாம். வளைந்திருக்க வேண்டும், கூர்மை கூடாது என்கிறது சரக சம்ஹிதை என்ற பழைய ஆயுர்வேத நூல். தங்கத்துக்கு எங்கே போவது! செம்போ ஸ்டீலோ போதும். நம் ஊரில் தென்னை ஈர்க்கை இரண்டாகக் கிழித்தே வேலையை முடித்தவர்கள் உண்டு.

வெறும் வயிற்றில் செய்யுங்கள். நாக்கின் பின்பகுதியில்தான் படிவு அதிகம். அங்கிருந்து நுனி வரை மெதுவாக ஐந்தாறு முறை இழுத்தால் சரி. குமட்டினால் மூச்சை வெளியே விட்டபடி கொஞ்சம் முன்னால் தொடங்குங்கள். ரத்தம் வந்தால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். வாய்ப்புண் இருக்கும் நாட்களில் விட்டுவிடுங்கள்.

அப்புறம், செம்பு கறுத்தால் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். வாரக்கணக்கில் வழித்தும் வெள்ளைத் திட்டு போகவில்லையா? மருத்துவரிடம் காட்டுங்கள்.