தேயிலையா, ஓட்ஸ் புல்லா? நீலகிரி வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு செய்முறை

கோத்தகிரிப் பக்கம் குடிவந்த புதிதில், வீட்டுக்குப் பின்னால் இருந்த இரண்டு சென்ட் சரிவில் என்ன வைக்கலாம் என்று ரொம்ப யோசித்தேன். கடைசியில் மிஞ்சியவை இரண்டு. ஒன்று, சுற்றிலும் கண்ணுக்கு எட்டியவரை தெரியும் தேயிலை. இன்னொன்று, வீட்டில் இருக்கும் பூனைக்கும் முயல்களுக்குமாக ஓட்ஸ் புல்.

இந்த இரண்டையும் ஒப்பிடுவதே வேடிக்கைதான். தேயிலை என்பது வெட்டி வெட்டி இடுப்பளவில் அடக்கி வைத்த மரம். கவாத்து செய்யாமல் விட்டால் நிஜமாகவே மரமாகிவிடும். நீலகிரியில் 1850களிலிருந்தே தேயிலைத் தோட்டங்கள் உண்டு. நூறு வயது தாண்டிய செடிகளில் இன்றும் கொழுந்து எடுக்கிறார்கள். ஓட்ஸோ நான்கு மாதத்தில் கதிர் விட்டுக் காய்ந்துபோகும் புல். ஆகவே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது மண்ணைப் பற்றி இல்லை, வீட்டைப் பற்றி. வாடகை வீடா? ஓட்ஸ் போடுங்கள். சொந்த வீடா, இன்னும் மூன்று வருஷமாவது இங்கேதான் இருப்பீர்களா? தேயிலை வையுங்கள். நான் இரண்டையும் வைத்தேன், ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

படி 1: இடத்தைப் பாருங்கள்

இரண்டுக்கும் வெயில் வேண்டும். தேயிலைக்கு சில்வர் ஓக் மாதிரி ஒரு மரத்தின் லேசான நிழல் பரவாயில்லை. ஓட்ஸ் நிழலில் வெளுத்துச் சாய்ந்துவிடும். தேயிலை வேருக்குத் தண்ணீர் தேங்கவே கூடாது என்பதால் சரிவுதான் அதற்கு நல்ல இடம்.

அப்புறம் பனி. டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ விடிகாலையில் எழுந்து, தோட்டத்தில் எந்த மூலை வெள்ளையாக இருக்கிறது என்று பாருங்கள். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் ஒரே தோட்டத்தில் மேல்பக்கம் பச்சையாகவும் கீழ்ப்பக்கம் உறைபனியாகவும் இருக்கும். அந்த வெள்ளை மூலையில் தேயிலை வைக்காதீர்கள், கொழுந்து கருகிவிடும். லேசான உறைபனியை ஓட்ஸ் தாங்கிக்கொள்ளும்.

படி 2: மண்ணைப் பாருங்கள்

தேயிலைக்குப் புளிப்பான மண் வேண்டும். கார அமில நிலை 4.5 முதல் 5.5 வரை இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். ஓட்ஸ் அவ்வளவு பிடிவாதக்காரி இல்லை. 5 முதல் 7 வரை எதிலும் வரும், கோதுமையையும் பார்லியையும்விட புளிப்பைத் தாங்கும்.

பரிசோதனைத் தாள் வாங்கிச் சோதிக்கலாம். ஆனால் நீலகிரியில் அதற்கு முன்னால் ஒரு சுலபமான வழி இருக்கிறது: வேலியோரம் ஹைட்ரேஞ்சியா பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பூ நீலமாக இருந்தால் மண் புளிப்பு. இளஞ்சிவப்பாக இருந்தால் புளிப்பு குறைவு. வெள்ளைப் பூ எதுவும் சொல்லாது, அதை நம்பி இறங்க வேண்டாம்.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெந்நீர் அடுப்புச் சாம்பலைக் காய்கறிப் பாத்திக்குப் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். அதே கையோடு புதிதாக வைத்த தேயிலை நாற்றுகளுக்கும் ஆளுக்கொரு கூடை போட்டேன். இரண்டு மாதத்தில் மூன்று நாற்றுகள் மஞ்சளாகி நின்றன. இருபது வருஷமாகக் கொழுந்து எடுக்கும் பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, “என்ன தம்பி, தேயிலைக்குப் போய் இவ்வளவு சாம்பலைக் கொட்டி வெச்சிருக்கீங்க?” என்றார். சாம்பலும் சுண்ணாம்பும் மண்ணின் புளிப்பைக் குறைத்துவிடும், தேயிலையால் சத்தை எடுக்க முடியாமல் போய்விடும். வீடு கட்டிய மிச்சச் சிமெண்ட்டும் சுண்ணாம்பும் புதைந்திருக்கும் சுவரோரத்துக்கும் இதே கதைதான்.

படி 3: ஓட்ஸ் விதைப்பு

மளிகைக் கடையில் கஞ்சிக்கு வாங்கும் தட்டை ஓட்ஸ் முளைக்காது. அது ஆவியில் வேகவைத்து உருளையில் நசுக்கியது. உமியோடு இருக்கும் முழு ஓட்ஸ் வேண்டும். தீவன விதை விற்கும் இடங்களில் கேளுங்கள். கென்ட் என்ற ரகம் பழையது, நம்பகமானது. குதிரைக்குப் போடும் முழு ஓட்ஸும் பெரும்பாலும் முளைக்கும். சாயம் பூசிய விதை என்றால் மருந்து போட்டது என்று அர்த்தம், பூனைக்கும் முயலுக்கும் வளர்ப்பதானால் அதைத் தொடாதீர்கள்.

விதையை ஓர் இரவு ஊறப்போடுங்கள். மண்ணைக் கொத்தி, மக்கிய சாணம் கலந்து, முக்கால் அடிக்கு ஒரு கோடு கிழித்து, ஓர் அங்குல ஆழத்தில் விதையுங்கள். ஒரு சென்ட்டுக்கு 400 கிராம் விதை போதும். தொட்டியில் பூனைக்கு மட்டும் என்றால் கணக்கெல்லாம் வேண்டாம், நெருக்கமாகத் தூவி மேலே மண் போடுங்கள். மைனாக்கள் ஒவ்வொன்றாகப் பொறுக்கிவிடும் என்பதால் முளைக்கும்வரை மேலே சுள்ளி பரப்பி வையுங்கள்.

ஒரு வாரத்தில் முளை தெரியும். குளிர் அதிகமென்றால் இன்னும் சில நாள். ஒரு சாண் உயரம் வந்ததும், அடியில் மூன்று விரல் அளவு விட்டு அறுங்கள், மறுபடி துளிர்க்கும். தீவனத்துக்கு என்றால் 50 முதல் 60 நாளில் முதல் அறுப்பு.

தானியம் எடுத்துக் கஞ்சி காய்ச்சலாம் என்று கனவு காணாதீர்கள். ஓட்ஸின் உமி தானியத்தை இறுக்கமாக மூடியிருக்கும், வீட்டு உரலில் பிரிக்க முயன்றால் பொறுமைதான் தீரும்.

படி 4: தேயிலை நடவு

விதை போடாதீர்கள். ஓர் இலையும் சிறு தண்டுமாக வெட்டிப் பாலித்தீன் பையில் வேர்பிடிக்க வைத்த நாற்றுதான் எல்லோரும் வைப்பது. ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருஷம் ஆன, பென்சில் கனம் உள்ள நாற்றாகப் பார்த்து வாங்குங்கள். மணத்துக்கு நீலகிரியில் பெயர் பெற்ற ரகம் சிஆர் 6017. வறட்சி தாங்க வேண்டுமானால் உபாசி 9 என்ற ரகம்.

நடும் காலம் மழையைப் பொறுத்தது. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழைதான் பெரிய மழை, ஜூனில் நடலாம். குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்கு மழையும் நன்றாகக் கிடைக்கும், செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் வசதி.

ஓரடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் குழி எடுங்கள். வரிசைக்கு வரிசை நான்கு அடி, செடிக்குச் செடி இரண்டரை அடி. பையைப் பிளேடால் கீறி, மண்கட்டி உடையாமல் இறக்குங்கள். இதில்தான் புதிதாக வைப்பவர்கள் அவசரப்படுவார்கள். கட்டி உடைந்தால் இளவேர் அறுந்து நாற்று திணறும். தண்டு பையில் எந்த மட்டம்வரை மண்ணுக்குள் இருந்ததோ, குழியிலும் அதே மட்டம். சுற்றி மிதித்து இறுக்கிவிடுங்கள்.

ஐந்தாறு மாதம் கழித்து நடுத்தண்டின் நுனியை வெட்ட வேண்டும். மனசு வராது, ஆனாலும் வெட்டுங்கள். கீழே எட்டுப் பத்து முற்றிய இலை இருந்தால் போதும். வெட்டினால்தான் பக்கக்கிளை வந்து செடி குடையாக விரியும். அடர்த்தியாகக் கொழுந்து கிடைக்க இரண்டு மூன்று வருஷம் ஆகும். அப்புறம் மழைக்காலத்தில் ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை இரண்டு இலை, ஒரு மொட்டு என்று கிள்ளலாம். ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கும் மேல் பச்சை இலை வேண்டும் என்பதால் பத்துச் செடியை வைத்துக்கொண்டு கடைத்தூளை நிறுத்திவிட முடியாது. காலையில் கிள்ளி, இரும்புச் சட்டியில் உடனே வாட்டி, கையால் உருட்டிக் காயவைத்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கோப்பை பச்சைத்தேநீர் உண்டு.

மழை நாளில் இளம் இலையில் கொப்புளம் கொப்புளமாக வந்தால் அது கொப்புள நோய். பத்துச் செடிக்கு மருந்து எதற்கு? அந்தக் கொழுந்துகளைக் கிள்ளி எரித்துவிடுங்கள். உறைபனி இரவுகளில் இளஞ்செடி மேல் இலைதழையோ பெரணியோ போட்டு மூடுங்கள். முயலைத் தேயிலைப் பக்கம் விடாதீர்கள், இலையில் காஃபின் இருக்கிறது.

படி 5: இரண்டையும் சேர்ப்பது

நட்ட முதல் இரண்டு வருஷம் தேயிலை வரிசைகளுக்கு நடுவே நான்கு அடி மண் சும்மா கிடக்கும். மழை அடித்தால் மேல்மண் சரிவில் ஓடிவிடும். அந்த இடைவெளியில்தான் ஓட்ஸைப் போட்டேன். நாற்றிலிருந்து ஓரடி தள்ளி விதையுங்கள், இல்லையென்றால் சத்துக்குப் போட்டி வந்துவிடும். கதிர் விடும் முன்பே அறுத்து, முயலுக்குப் போக மீதியை அங்கேயே மூடாக்காகப் பரப்புங்கள், ஆனால் தண்டில் படாமல். வெயில் காலத்தில் மண் ஈரம் காக்க அது உதவும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வேலி. காட்டுமாடு தேயிலைக்குள் நாள்பூராவும் நின்றாலும் இலையைத் தின்னாது. ஓட்ஸை விடாது. போன வருஷம் முழங்கால் உயரம் வந்திருந்த புல்லை ஒரே ராத்திரியில் மொட்டையடித்துவிட்டது. கூடவே இரண்டு தேயிலை நாற்றையும் மிதித்து முறித்துவிட்டுப் போயிருந்தது. அக்கா எட்டிப் பார்த்து, “நீங்க விருந்து வெச்சா அது வராம இருக்குமா தம்பி?” என்று சிரித்தார். இந்த வருஷம் ஓட்ஸை வீட்டுச் சுவர்ப்பக்க வரிசைகளில் மட்டும் போட்டிருக்கிறேன்.