ஒற்றைத் தலையிடி: குளிசை போடவேண்டிய நேரம்

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் விரதமும் வெயிலும் சேர்ந்து ஒரு பக்கம் இடிக்கத் தொடங்கும். "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பம்" என்று படுத்து, தாங்கேலாமல் போனபிறகுதான் பலர் இரண்டு பனடோலைத் தேடுவார்கள். அதற்குள் நேரம் பிந்திவிடும்.

மூளைக்கு நோவு தெரியாது. அதை மூடியிருக்கும் உறைக்குத் தெரியும். முகத்தின் உணர்வைக் கொண்டுபோகும் முக்கிளை நரம்பு அந்த உறையிலும் ஓடுகிறது. அதன் நுனிகள் சி.ஜி.ஆர்.பி. என்ற சிறு புரதத்தை வெளிவிடுகின்றன. அது பட்டதும் இரத்தக்குழாய் விரியும். பக்கத்து நரம்பிழைகளும் கூருணர்வு அடையும். பிறகு நாடித் துடிப்பே நோவாகிவிடும். குனிந்தால், இருமினால் கூடுவதும் இதனால்தான். சிலருக்கு முன்னதாகக் கண்ணில் வளைந்து வளைந்து மின்னும். மூளையின் மேற்படையான புறணியின் கலங்களில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 மி.மீ. வேகத்தில் ஊரும் ஓர் அலை அது.

இடி நீடித்தால், மூளையை முள்ளந்தண்டு வடத்தோடு இணைக்கும் மூளைத்தண்டின் நரம்புக் கலங்களும் கிளர்ந்து, நுனியிலிருந்து செய்தி வராமலே நோவை அனுப்பும். இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்: சீப்பை மெதுவாக இழுத்துப் பாருங்கள். மயிர்க்கால் நொந்தால், தோடோ கண்ணாடிக் காம்போ பட்டாலே எரிந்தால், அந்தக் கட்டம் வந்துவிட்டது. வைத்தியர் எழுதித் தரும் சுமாட்ரிப்டான் நரம்பு நுனியிலிருந்து சி.ஜி.ஆர்.பி. வெளிவராமல் தடுக்கும் மருந்து. மூளைத்தண்டு கிளர்ந்தபின் அது அவ்வளவாக எடுபடாது. இருதய நோய், பாரிசவாதம் வந்தவர்களுக்கு அது கூடாது.

எனவே நோவு லேசாக இருக்கும்போதே, வளர்ந்தவர்கள் 500 மி.கி. பரசிற்றமோல் (பனடோல்) இரண்டு போடலாம். 50 கிலோவுக்குக் குறைந்தவர்களும் ஈரல் நோயாளிகளும் வைத்தியரிடம் அளவு கேட்கவேண்டும். அடுத்ததற்கு 6 மணித்தியாலம் விடுங்கள். ஒரு நாளில் 8 குளிசைக்கு மேல் வேண்டாம். இல்லாவிட்டால் இபுபுரோபன் 400 மி.கி., சாப்பாட்டோடு. வயிற்றுப்புண், சிறுநீரக நோய், ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தொடவேண்டாம். மாரியில் காய்ச்சலோடு தலையிடித்தால் டெங்குவாகவும் இருக்கலாம். அப்போது இபுபுரோபனும் அஸ்பிரினும் இரத்தக்கசிவைக் கூட்டும்.

சரியான நேரத்தில் போட்டும் கேட்கவில்லையா? வயிற்றைப் பாருங்கள். இந்த இடியில் இரைப்பை மந்தமாகி, குளிசை குடலுக்குப் போகாமல் அங்கேயே கிடக்கும். ஓங்காளம் உள்ளவர்களுக்கு, அதை அடக்கும் மருந்தான டொம்பெரிடோன் பொருந்துமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். சத்தி எடுத்துவிட்டோமே என்று உடனே இன்னும் இரண்டு போடாதீர்கள்.

குளிசை போட்ட நாளைக் கலண்டரில் குறியுங்கள். பரசிற்றமோலோ இபுபுரோபனோ மாதத்தில் 15 நாள், சுமாட்ரிப்டான் 10 நாள் என்று மூன்று மாதத்துக்கு மேல் போனால், குளிசையே தினசரித் தலையிடியைக் கொண்டுவரலாம்.

நொடியில் உச்சத்துக்கு ஏறும் இடி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, ஒரு கை சோர்வது, பேச்சுக் குழறுவது, ஐம்பது வயதுக்குப் பின் முதன்முதலாக வரும் இடி: இவற்றுக்குக் குளிசை போட்டுப் பார்த்திருக்க வேண்டாம். 1990 அம்புலன்ஸை அழைத்து நேரே போதனா வைத்தியசாலைக்குப் போங்கள்.