ராலி காரைக் கட்டுபவரே ஓட்டினால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தானே கட்டிய ராலி காரில் முதன்முதலாக ஸ்டேஜுக்குள் (நேரம் கணக்கிட்டு ஓட்டும் பாதைப் பகுதிக்குள்) போகும் இன்ஜினியருக்குக் காது இரண்டு போதாது. பின்னால் ஏதோ கடகடக்கிறது. அதிர்வை அடக்கும் டேம்பரின் மவுண்டா, இன்ஜினின் அடியைக் காக்கும் சம்ப் கார்டா? அந்த யோசனையில் இருக்கும்போது பக்கத்து சீட்டில் பாதைக் குறிப்பைப் படித்துச் சொல்லும் கோ-டிரைவரின் நோட் ஒன்று காதில் விழாமல் போய்விடும். நான் அப்படித்தான் ஒரு வளைவைத் தவறவிட்டு வரப்பில் ஏறினேன். கடகடத்தது, சரியாகக் கட்டாமல் விட்ட ஜாக் கைப்பிடி!

இந்தத் தொழிலில் நான் செய்த, பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இதே இடத்திலிருந்துதான் கிளைக்கின்றன. கட்டியவர் ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகும் கட்டியவராகவே இருக்கிறார். ஓட்டுபவரோ பட்டறையில் நிற்கும்போதும் வேகத்தை மட்டுமே நினைக்கிறார்.

பணம் முதலில் கொட்டப்படுவது இன்ஜினில்தான். சரளைப் பாதையில் டயர் தரைக்குக் கடத்தக்கூடிய சக்திக்கு அளவு உண்டு. அதற்கு மேலே போகும் குதிரைத்திறன் கல்லை வாரி இறைக்கத்தான் பயன்படும். வளைவிலிருந்து வெளியேறும்போது இன்ஜினின் நடுத்தரச் சுழற்சி வேகத்தில் (ஆர்பிஎம்) கிடைக்கும் டார்க், அதாவது சுழற்றும் விசைதான் நேரத்தைக் குறைக்கிறது. டர்போ கார் என்றால் காற்று நுழையும் வழியையே விதி ரெஸ்ட்ரிக்டர் என்ற குறுகிய வளையத்தால் சுருக்கிவிடுகிறது. 1995 கேட்டலூனியா ராலியில் டொயோட்டா அணியின் செலிகாவில், ரெஸ்ட்ரிக்டரைத் தாண்டிக் காற்றை உள்ளே விடும் ஒரு ரகசிய அமைப்பு பிடிபட்டது. அபாரமான பொறியியல்தான். அணிக்குக் கிடைத்தது ஓராண்டுத் தடை.

சஸ்பென்ஷனுக்கு வருவோம். சர்க்யூட் பந்தயத்திலிருந்து வருபவர்கள் காரைத் தாழ்த்தி, ஸ்பிரிங்கை இறுக்கிவிடுவார்கள். பட்டறை வாசலில் பார்க்க அழகாக இருக்கும். குழி விழுந்த பாதையில் சக்கரம் தரையில் இருக்கும் நேரத்தைவிட அந்தரத்தில் இருக்கும் நேரம் கூடிவிடும். அந்தரத்தில் பிரேக்கும் பிடிக்காது, கார் திரும்பவும் திரும்பாது. மென்மையான ஸ்பிரிங், நீண்ட டிராவல் (சக்கரம் மேலும் கீழும் அசையும் தூரம்), அதை அடக்கத் தெரிந்த டேம்பர், இதுதான் சரளைக்கான கூட்டணி. அந்த டேம்பரும் சூடேறும். உள்ளே இருக்கும் எண்ணெய் சூடாகச் சூடாக மெலிந்து, ஸ்டேஜின் கடைசியில் கார் படகுபோல ஆடும். இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து செட்டப் முடிந்தது என்பவருக்கு இது தெரியவே வராது. சோதனையில் ஸ்பிரிங், ரீபவுண்டு (அமுங்கிய டேம்பர் திரும்ப நீளும் வேகம்), டயர் காற்று மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவதும் வீண். நேரம் குறைந்தால் எதனால் குறைந்தது என்று சொல்ல முடியாது. ஒன்றை மாற்று, ஓட்டு, டேம்பர் திருகை எத்தனை கிளிக் திருப்பினாய் என்று எழுதி வை.

கார் உருண்டால் உள்ளே இருப்பவரைக் காக்கும் குழாய்க் கூண்டான ரோல் கேஜில் மட்டும் சொந்த மூளையைக் காட்டாதீர்கள். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதிப்படி கேஜின் முதன்மை வளைவுக்குத் தையல் இல்லாத கார்பன் ஸ்டீல் குழாய், 45 மி.மீ. விட்டம் 2.5 மி.மீ. தடிமன், அல்லது 50க்கு 2. குழாய் சரியாக இருந்து வெல்டிங்கில் கோட்டை விடுபவர்கள்தான் அதிகம். கூரையை ஒட்டிய மூட்டில் கை எட்டாத மேல்பக்கத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். காரின் தரைத் தகட்டில் துளை போட்டுக் கேஜைக் கீழே இறக்கி, மூட்டைச் சுற்றி முழுதாக வெல்டு செய்து மேலே ஏற்றுவது பழகிய வழி. வெல்டை வழவழப்பாகத் தேய்ப்பது பலத்தையும் சேர்த்துத் தேய்ப்பதுதான். சீட், பெல்ட் ஆகியவற்றின் காலாவதித் தேதியைப் பாருங்கள், அவ்வளவுதான்.

ஸ்டேஜ்களுக்கு நடுவே அவசரமாகப் பழுது பார்க்கும் சர்வீஸை மறந்து கட்டுவது இன்னொரு தவறு. பட்டறையில் லிஃப்ட் உண்டு. சர்வீஸில் சேறும் கடிகாரமும்தான். ஆறு அளவு ஸ்பேனர் கேட்கும் கியர்பாக்ஸை இரண்டு அளவில் கழற்றும்படி மாற்றுங்கள். எந்த வயர் எங்கே போகிறது என்பது உங்கள் தலைக்குள் மட்டும் இருந்தால், பெல்ட் மாட்டி உட்கார்ந்திருக்கும் உங்களிடம்தான் மெக்கானிக் ஓடிவர வேண்டும்.

மொத்தப் பணத்தையும் காரில் போட்டுவிட்டு, டயருக்கும் சோதனை ஓட்டத்துக்கும் கை விரிப்பவர்கள் ஏராளம். பழைய, சக்தி குறைந்த காரில் நிறைய கிலோமீட்டர் ஓடுவது மேல். அடுத்தவர் அணியில் ஸ்பேனர் பிடிப்பதையோ, பக்கத்து சீட்டில் உட்கார்வதையோ கௌரவக் குறைவாக நினைக்க வேண்டாம். 1981இல் ராலி ஓட்டுநர் ஆரி வாட்டனென் உலகப் பட்டம் வென்றபோது நோட்ஸ் படித்த டேவிட் ரிச்சர்ட்ஸ்தான் பிறகு பந்தயக் கார்களைக் கட்டும் புரோடிரைவ் நிறுவனத்தைத் தொடங்கினார்.

கடகடச் சத்தத்துக்கு நான் கண்ட வழி இது. ஸ்டேஜில் ஏதாவது கேட்டால் ஒரே வார்த்தை சொல்வேன். கோ-டிரைவர் நோட்டின் ஓரத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுத் தொடர்ந்து படிப்பார். ஸ்டேஜ் முடிந்ததும் அவர் அதைக் காட்டும்போது பாதி நேரம் சத்தம் நின்றுபோயிருக்கும். அப்போதுதான் எனக்கு உண்மையான பயம்: எது கழன்று விழுந்தது?