காமராஜர் சாலையை எழுத்தாக்குவது எப்படி?

வரைபடத்தில் கோடாக இருக்கும் சாலையை 'டபிள்யூகேடி' என்ற, புள்ளிகளின் எண்களை எழுத்தாகவே எழுதிவைக்கும் வடிவத்துக்கு மாற்றுவதுதான் நம் வேலை. நிரல்மொழியான பைதானும், அதில் வரைபடத் தரவைக் கையாளும் நூலகமான ஜியோபாண்டாஸும் உங்கள் கணினியில் இருக்கின்றன என்றே எடுத்துக்கொள்கிறேன். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் தரவைத் தேடித்தரும் ஓவர்பாஸ் டர்போ இணையதளத்தில் சென்னை மெரினாவை ஒட்டிய காமராஜர் சாலையைத் தேடி, ஜியோஜேசன் என்ற வரைபடத் தரவுக் கோப்பாக இறக்குங்கள். அதை 'ரீட் ஃபைல்' கொண்டு திறந்தால் 'ஜியோமெட்ரி' பத்தியில் கோடுகள் இருக்கும். அந்தப் பத்தியின் மேல் 'டூ டபிள்யூகேடி'யை அழையுங்கள். வேலை முடிந்தது. நேப்பியர் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை தோராயமாக இப்படி வரும்:

லைன்ஸ்ட்ரிங் (80.28 13.07, 80.28 13.04)

கையால் புள்ளிகளைச் சேர்ப்பவர்கள் இங்கே கொஞ்சம் நில்லுங்கள். கூகுள் மேப்ஸில் வலது க்ளிக் செய்து நகலெடுத்தால் 13.07, 80.28 என்று அட்சரேகை முதலில் வரும். நமக்கோ தீர்க்கரேகைதான் முதலில் வேண்டும். இரண்டு எண்களுக்கு நடுவே இடைவெளி மட்டும். காற்புள்ளி அடுத்த புள்ளிக்குப் போகும்போதுதான். காற்புள்ளியோடு ஒட்டினால் ஷேப்லி (ஜியோபாண்டாஸ் பயன்படுத்தும் வடிவியல் நூலகம்) உடனே கத்திவிடும், அது நல்லது. எண்களை இடம் மாற்றிப் போட்டால்தான் வம்பு, ஒரு பிழைச்செய்தியும் வராது. 80 டிகிரி வடக்கும் முறையான அட்சரேகைதானே! மெரினா சத்தமில்லாமல் ஸ்வால்பார்டு பக்கம், ஆர்க்டிக் கடலுக்குப் போய்விடும். அதனால் தரவின் எல்லைகளைக் காட்டும் 'டோட்டல் பவுண்ட்ஸ்' போட்டுப் பாருங்கள். சென்னைத் தரவு என்றால் முதல் எண் 80 சொச்சம், இரண்டாவது 12 அல்லது 13.

அங்கே 4 லட்சம், 14 லட்சம் என்று வந்தால் தரவு மீட்டர் கணக்கில் இருக்கிறது என்று அர்த்தம். முதலில் 'டூ சிஆர்எஸ்'ஸில் 4326 (தீர்க்கரேகை, அட்சரேகையை டிகிரியில் சொல்லும் அளவுமுறையின் எண்) கொடுத்து மாற்றுங்கள். எழுத்தான பிறகு எந்த அளவுமுறை என்ற தகவல் அதில் இருக்காது. நான் கோப்பின் பெயரிலேயே 4326 என்று சேர்த்துவிடுவேன்.

தசமத்துக்குப் பின் 6 இலக்கம் தாராளம், கிட்டத்தட்ட 11 செ.மீ. துல்லியம். 'டூ டபிள்யூகேடி'யில் கொடுக்கும் 'ரவுண்டிங் ப்ரிசிஷன்' அதற்குத்தான்.

காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பாகச் சேமிக்க 'டூ சிஎஸ்வி'. கோட்டின் எழுத்திலும் காற்புள்ளிகள் இருப்பதால் மேற்கோள் குறிகளை அதுவே போட்டுவிடும். கையால் எழுத்துகளை ஒட்டி வரி கோக்காதீர்கள். சரிபார்க்க எக்செல் வேண்டவே வேண்டாம். அதன் ஒரு செல்லில் 32,767 எழுத்துகளுக்கு மேல் இடமில்லை. பக்கிங்காம் கால்வாய் மாதிரி வளைந்து நெளியும் நீளக் கோடு சிதைந்துவிடலாம். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் 'டிலிமிட்டட் டெக்ஸ்ட்' வழியாகத் திறந்தால் கோடு வரைபடத்திலேயே தெரியும்.

பின்சேர்க்கை: சாலை ஏன் துண்டு துண்டாக வருகிறது என்று சிலர் கேட்டார்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அப்படித்தான் வரைந்திருப்பார்கள். எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து ஷேப்லியின் 'லைன் மெர்ஜ்' கொடுங்கள். அதற்கப்புறமும் மல்ட்டிலைன்ஸ்ட்ரிங் (பல கோடுகளின் தொகுப்பு) என்றே வந்தால் பதற வேண்டாம், நடுவே தடுப்பு உள்ள சாலையில் போக ஒரு கோடு, வர ஒரு கோடு. தனித்தனி வரிசையாக வேண்டுமென்றால் எழுத்தாக்கும் முன்பே 'எக்ஸ்ப்ளோட்' செய்துவிடுங்கள்.