சிறிய பென்சில் நிலக்காட்சியைப் பார்க்கப் பழகுதல்

உள்ளங்கை அளவுத் தாளில் வரையப்பட்ட நிலக்காட்சியைச் சுவரோவியம் போலத் தள்ளி நின்று பார்த்தால், அதில் பாதி நம் கண்ணுக்கு எட்டாது. ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1813, 1814 ஆகிய ஆண்டுகளில் சட்டைப்பைக்குள் அடங்கும் ஏடுகளில் பென்சிலால் வரைந்த காட்சிகள் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இத்தகைய படங்களை நூல் வாசிக்கும் தூரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில், ஒளி பக்கவாட்டிலிருந்து விழுமாறு படத்தை வையுங்கள். அடர்த்தியாகப் பூசிய கிராஃபைட், அதாவது பென்சில் முனையிலுள்ள கரும்பொருள், பளபளக்கும் என்பதால், அந்த மினுக்கம் மறையும்வரை தாளைச் சற்றுச் சாய்த்துக்கொள்ளுங்கள். பிறகு கண்களைப் பாதி மூடிப் பாருங்கள். இலை, கல், வேலி போன்ற நுணுக்கங்கள் மங்கி, இருளும் வெளிச்சமும் எப்படிப் பங்கிடப்பட்டுள்ளன என்பது மட்டும் தெரியும். பலர் தாண்டிச் செல்லும் இந்தப் படியையே நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன்.

அடுத்து, தொடுவானக் கோட்டைக் கண்டுபிடியுங்கள். அது தாழ்வாக இருந்தால் வானமும், உயரத்தில் இருந்தால் நிலமும் படத்தை ஆள்கின்றன.

இனிக் கோடுகளுக்கு வரலாம். நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். விரைந்து இழுத்த கோடு முடிவில் மெலிந்து மறையும். அழுத்தி வரைந்த கோடு தாளின் சொரசொரப்பை நிரப்பிவிடும். தொலைவு மலைகள் வெளிறியிருப்பதற்கு, இடையிலுள்ள காற்று ஒளியைச் சிதறடித்து இருளுக்கும் வெளிச்சத்துக்குமான வேறுபாட்டைக் குறைப்பதே காரணம். அதைக் காட்ட வண்ணமில்லாத ஓவியருக்கு, கையின் அழுத்தமும் பென்சிலின் வகையும் மட்டுமே துணை. பென்சில் முனையில் களிமண் மிகுந்த எச் (H) வகை மெல்லிய சாம்பல் கோட்டையும், கிராஃபைட் மிகுந்த பி (B) வகை கருமையான கோட்டையும் தருகின்றன.

பிறகு, வரையாமல் விட்ட இடங்களைப் பாருங்கள். ஓடையின் மினுக்கமும் மேகத்தின் வெண்மையும் பெரும்பாலும் வெறும் தாளே. நிழற்கோடுகள் ஒரு விளிம்பில் சட்டென நின்றால், அந்த வெண்மை முன்கூட்டியே திட்டமிடப்பட்டது எனலாம். விளிம்பு மங்கலாக இருந்தால், அது ரப்பரால் ஒற்றி எடுக்கப்பட்டிருக்கக்கூடும்.

கடைசியாக, படத்திலேயே மிகக் கருமையான புள்ளியைத் தாளில் படாமல் விரலால் மறைத்துப் பாருங்கள், ஏனெனில் தொட்டால் கிராஃபைட் கலைந்துவிடும். மறைத்ததும் காட்சி முழுவதும் தட்டையாகிவிட்டால், ஓவியர் தம் காட்சியை எந்தப் புள்ளியில் ஊன்றியிருக்கிறார் என்பதைக் கண்டுகொண்டீர்கள்.