ஏரிக்குள் இருட்டு எங்கே தொடங்குகிறது? ஒரு தட்டும் கயிறும் வைத்து அளக்கும் முறை

போன ஜூலையில் அக்கா மகள் பதினொன்றாம் வகுப்புச் செயல்திட்டத்துக்காக ஒரு படம் வரைந்து கொண்டு வந்தாள். ஏரியின் குறுக்குவெட்டு. கரையோரம் பச்சை, நடுவில் நீலம், அடியில் கறுப்பு. கரையோர மண்டலம், திறந்தநீர் மண்டலம், ஆழ்நீர் மண்டலம் என்று மூன்று பெயர்கள். “மாமா, நம்ம ஏரியில இந்தக் கறுப்பு எத்தனை அடியில ஆரம்பிக்கும்?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அளந்துவிடலாம் என்று இறங்கியதில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. உங்களுக்கு ஒரே ஞாயிறில் முடியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். இந்த மண்டலங்களைப் பிரிப்பது தூரம் இல்லை, வெயில். ஏரித் தரைவரை வெயில் இறங்கும் இடமெல்லாம் கரையோர மண்டலம். அங்கேதான் வேர்விட்ட செடிகள் வளரும். தரைக்கு வெயில் எட்டாத இடத்தில், வெளிச்சம் உள்ள மேல்பகுதி திறந்தநீர் மண்டலம், அதற்குக் கீழே ஆழ்நீர் மண்டலம். அடிச்சேறும் அதில் வாழ்பவையும் சேர்ந்து அடித்தள மண்டலம். ஆகவே அளக்க வேண்டியவை இரண்டே: ஆழம், வெளிச்சம். ஆழத்துக்கு மூங்கில் கழி போதும். வெளிச்சத்துக்குத்தான் செக்கி தட்டு.

ஆஞ்செலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், வானியலாளரும்கூட, 1865-ல் போப்பின் கப்பலில் போய் மத்தியதரைக் கடலில் வெள்ளைத் தட்டுகளை இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகின்றன என்று பார்த்தார். இன்றும் அதே முறைதான். ஏரிகளுக்கு 20 செ.மீ. விட்டமுள்ள, கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் நான்கு கால்வட்டங்கள் கொண்ட தட்டு வழக்கத்தில் இருக்கிறது.

படி 1: தட்டு

சேலத்துக்காரர்களுக்கு முதலில் கை போவது எவர்சில்வர் தட்டுக்கு. வேண்டாம். ஓட்டை போடுவது கஷ்டம், பெயின்ட் உரிந்துவிடும், விளிம்பில் காற்று தங்கும். பெயர்ப்பலகை செய்யும் கடையில் வெட்டி மிஞ்சிய வெள்ளை அக்ரிலிக் ஷீட் கிடைக்கும், அவர்களே வட்டமாக வெட்டித் தருவார்கள். எதிரெதிராக இருக்கும் இரண்டு கால்பகுதிகளுக்குக் கறுப்பு அடியுங்கள். பளபளப்பில்லாத மேட் பெயின்ட்தான் வேண்டும், பளபளத்தால் கறுப்பும் வெள்ளையாகத் தெரியும். நடுவில் ஓட்டை போட்டு, தலையில் வளையம் உள்ள போல்ட்டை மாட்டி முறுக்குங்கள்.

படி 2: கயிறு

நைலான் கயிறு நனைந்து எடை தாங்கும்போது நீளும். பாலியெஸ்டர் கயிறு வாங்குங்கள். மார்க்கர் பேனா தண்ணீரில் நிற்காது. கயிற்றுப் புரிக்குள் ஊசியால் வண்ண நூல் கோத்துவிடுவதுதான் நான் கண்ட நல்ல வழி: 10 செ.மீ.க்குக் கறுப்பு, அரை மீட்டருக்கு நீலம், ஒரு மீட்டருக்குச் சிவப்பு. தறி ஓடும் ஊரில் நூலுக்கா பஞ்சம்! அளவைத் தட்டின் மேற்பரப்பிலிருந்து தொடங்க வேண்டும், முடிச்சிலிருந்து அல்ல.

படி 3: எடை (இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்)

தட்டுக்கு அடியில் நான் மாட்டியது நான்கு வாஷர்கள் மட்டும். மூழ்கினால் போதும் என்று நினைத்தேன். மீன் பிடிக்கிற ஒரு பெரியவரின் பரிசலில் ஏறி, அவரிடம் இருந்த லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஏரி நடுவுக்குப் போனோம். தட்டை இறக்கினேன். 180 செ.மீ. கயிறு போனதும் தட்டு மறைந்தது. சந்தோஷமாக எழுதிக்கொண்டேன். பிறகு மூங்கில் கழியை விட்டால் 160 செ.மீ.யில் தரை தட்டுகிறது.

தரையே 160-ல் இருக்கும்போது தட்டு எப்படி 180-க்குப் போகும்? இரண்டாவது முறை, மூன்றாவது முறை, அதே கணக்கு. கழியில் தப்பு இருக்குமோ என்று அதையே அளந்து பார்த்தேன். பெரியவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “கயிறு நேரா நிக்கலைங்க தம்பி, சாய்ஞ்சு போவுது. கல்லு பத்தாது” என்றார்.

அப்போதுதான் கயிற்றைக் கவனித்தேன். பரிசல் காற்றில் நகர, தட்டு ஒரு பக்கம் சாய்ந்து பட்டம் மாதிரி தண்ணீருக்குள் வழுக்கிக்கொண்டே போகிறது. கயிற்றின் நீளத்தை ஆழம் என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் வலையோரத்தில் கட்ட வைத்திருந்த ஈயக் குண்டுகளில் ஒரு கைப்பிடியைத் துணியில் முடிந்து போல்ட்டின் அடியில் கட்டினார். இன்னொரு கல்லைக் கயிற்றில் கட்டி நங்கூரமாக இறக்கினார். கயிறு குத்தென நின்றது. இப்போது தட்டு மறைந்த ஆழம் 135.

ஆகவே எடை ஒரு கிலோவுக்குக் குறையாமல் இருக்கட்டும், தட்டின் நடுவுக்கு நேர் கீழே தொங்கட்டும். கயிறு சாய்ந்திருந்தால் அந்த அளவை எழுதவே எழுதாதீர்கள்.

படி 4: அளப்பது

காலை 10 முதல் பிற்பகல் 2 வரை வெயில் உள்ள நாளில் செய்யுங்கள். பரிசலின் நிழல் பக்கமாக இறக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீரின் மினுமினுப்புதான் தெரியும். தட்டு மறையும் இடத்தில், நீர்மட்டத்தை ஒட்டிக் கயிற்றில் துணிக் கிளிப் ஒன்று போடுங்கள். இன்னும் கொஞ்சம் இறக்கி, மெதுவாக மேலே இழுத்து, மறுபடி தெரியும் இடத்தில் இன்னொரு கிளிப். இரண்டுக்கும் சராசரிதான் செக்கி ஆழம். குளிர்கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள்.

படி 5: கணக்கு

செக்கி ஆழத்தை 2.5-ஆல் பெருக்கினால், மேற்பரப்பு வெளிச்சத்தில் ஒரு சதவீதம் மிஞ்சும் ஆழம் தோராயமாகக் கிடைக்கும். செடிகளும் பாசியும் உணவு தயாரிக்க முடிகிற எல்லை அது. நீரின் நிறத்தையும் கலங்கலையும் பொறுத்து இந்த எண் கூடும், குறையும்.

எங்களுக்கு வந்தது 135 × 2.5, அதாவது சுமார் 340 செ.மீ. தரையோ 160-ல். அப்படியென்றால் வெயில் ஏரி நடுவிலும் தரையைத் தொடுகிறது. கறுப்பு என்ற மண்டலமே அன்றைக்கு அங்கே இல்லை, முழு ஏரியும் கரையோர மண்டலம்! அக்கா மகள் நம்பவில்லை. ஆனால் வெளியே எடுத்த மூங்கில் கழியைப் பார்த்தால், நுனியில் வேலம்பாசி நாலு சுற்றுச் சுற்றி இருந்தது, அடியில் வெள்ளை வேரோடு. நடு ஏரியின் தரையில் செடி முளைத்திருக்கிறது. தட்டு சொன்னதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

கரையிலிருந்து நடந்து பார்த்தாலும் இதைப் படிக்கலாம். முதலில் கோரையும் சம்பும், அப்புறம் இலை மிதக்கும் ஆம்பல், அப்புறம் முழுக்க நீருக்குள் வளரும் வேலம்பாசி. வேலம்பாசி எங்கே முடிகிறதோ, தரைக்கு வெயில் முடிவதும் ஏறக்குறைய அங்கேதான்.

உண்மையான ஆழ்நீர் மண்டலம் வேண்டுமென்றால் மேட்டூரை நினைத்துக்கொள்ளுங்கள். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அவ்வளவு ஆழமான நீரில், கோடையில் சூடான மேல்நீர் குளிர்ந்த அடிநீரின் மேல் மிதந்து நிற்கும், இரண்டும் எளிதில் கலக்காது. அடியில் மக்குகிற வேலை மட்டும் நடக்கும், ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும். அங்கே கரையோர மண்டலமும் ஓரிடத்தில் நிற்பதில்லை. தண்ணீர் இறங்கும்போது அந்த நீர்த்தேக்கக் கரையிலுள்ள பண்ணவாடியில் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே வருகின்றன அல்லவா, கரையோர மண்டலமும் அப்படியே உள்ளே நகர்ந்துவிடுகிறது.

கடல் எப்படி?

கடலில் இன்னும் பெரிய, முழு வெள்ளைத் தட்டைப் பயன்படுத்துவார்கள். கரையில் ஏரிக்கு இல்லாத ஒரு மண்டலம் உண்டு: ஓதம், அதாவது கடல்மட்டம் தினமும் ஏறி இறங்கும் பகுதி. அங்குள்ள உயிர்கள் தினமும் நனையவும் காயவும் பழகியவை. அதைத் தாண்டினால் சுமார் 200 மீட்டர் ஆழம் வரை கண்டத்திட்டு (நிலம் கடலுக்குள் நீண்டிருக்கும் ஆழம் குறைந்த பகுதி), அப்புறம் பெருங்கடல்.

ஆழத்தை அவளுக்கு இப்படிச் சொன்னேன். ஏற்காடு ஏரிக்கரை வரை கடல் நிரம்பி நிற்கிறது என்று வைத்துக்கொள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் சுமார் 280. மேலிருந்து 200 மீட்டர் இறங்குவதற்குள் செடி வாழும் வெளிச்சம் தீர்ந்துவிடும். 1,000 மீட்டர் வரை அந்தி மாதிரி மங்கல். சேலம் ஜங்ஷன் அதற்கும் கீழே, சூரியனே தெரியாத இருட்டில் இருக்கும். கடலின் சராசரி ஆழம் சுமார் 3,700 மீட்டர், இந்தக் கற்பனைக் கடலில் சேலம் இருக்கும் ஆழத்தைப் போல மூன்று மடங்கு. அவள் நோட்டில் ஏற்காடு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளை வரைந்து மண்டலங்களைக் குறித்துக்கொண்டாள்.

பின்சேர்க்கை, நவம்பர்

மழைக்குப் பிறகு அதே இடத்தில் அளந்தோம். மலையிலிருந்து வந்த செம்மண் தண்ணீர். செக்கி ஆழம் 30, வெளிச்சம் 75 செ.மீ. வரைதான். தண்ணீர் ஏறி, தரை இப்போது 210-ல். ஜூலையில் இல்லாத கறுப்பு வந்துவிட்டது. அதனால் தேதி எழுதாமல் எந்த அளவையும் வைக்காதீர்கள்.

தட்டு மறையாமலே தரை தட்டுகிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அது தவறு இல்லை. “தரை தெரிகிறது” என்று குறித்து, ஆழத்தை மட்டும் எழுதுங்கள். 2.5-ஆல் பெருக்க வேண்டாம்.

இன்னொன்றை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ஒரு ஏரியில் நனைத்த தட்டு, கயிறு, கழியை அடுத்த ஏரிக்குக் கொண்டுபோகும் முன் கழுவி, வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். ஆகாயத்தாமரையின் ஒரு துண்டு, வேலம்பாசியின் ஒரு கணு ஒட்டிக்கொண்டு போனாலே அங்கே முளைத்துவிடும்.